பொன்னுசாமி அனுப்பிய ஒன்றே முக்கால் நிமிடம்

மலைச்சரக்கு வியாபாரத்துக்கு நீங்கள் புதியவர்கள். உங்களில் மூன்று பேர் தனித்தனியாக என்னிடம் வந்து, "உங்களுக்கு இருக்கற அதே பிரச்சினைதான் எனக்கும், அக்கா" என்று சொன்னீர்கள். மூன்று பேருமே குரலைத் தாழ்த்திக்கொண்டு, பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுச் சொன்னீர்கள். ஏன்? திருடிவிட்டா வந்தீர்கள்? அந்தத் தாழ்ந்த குரல்தான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் எழுந்து வேறு வேலைக்குப் போய்விடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

எனக்கு ஏ.டி.எச்.டி., அதாவது கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு, என்று சேலத்தில் ஒரு டாக்டர் சொன்னபோது வயது நாற்பத்தொன்பது. தூக்கம் வரவில்லை என்றுதான் அவரிடம் போனேன். நான்கு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். ஒன்றரைப் பக்கம் நிரப்பிவிட்டு எழுந்து, சுவரில் கோணலாகத் தொங்கிய காலண்டரை நேராக்கினேன். பிறகு ஜன்னலுக்குப் போனேன். கீழே ஒருவர் ஆட்டோவில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். "அப்படிக் கட்டுனா அவுந்துருமுங்க" என்று மேலேயிருந்து கத்தினேன். திரும்பிப் பார்த்தால் டாக்டர் படிவத்தை எடுத்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார். "மீதி எழுத வேண்டாம்மா, தெரிஞ்சிருச்சு" என்றார்.

அதற்கு முன்பு எனக்கு வேறு பெயர்கள் இருந்தன. பொறுப்பில்லாதவள். அரைகுறை. எடுத்த வேலையை முடிக்கத் தெரியாதவள். நாற்பது வருஷம் அப்படிக் கூப்பிட்டவர்களில் ஒருவர்கூட வந்து அதை வாபஸ் வாங்கவில்லை. "இதெல்லாம் டவுன்காரங்களுக்கு வர்ற நோவு" என்று என் சொந்தத் தம்பியே சொன்னான். மலையில் பிறந்தால் மண்டைக்குள் வேறு சாமானா வைத்து அனுப்புகிறார்கள்? மாத்திரை சாப்பிட்டேன். உதவியது. அதைப் பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம். மாத்திரைக்குப் பிறகும் மீதமிருந்த கோளாறைப் பற்றித்தான் நான் சொல்ல முடியும்.

முப்பது வருஷம் மிளகு வாங்கி விற்றேன். மலைக்கிராமத்து விவசாயிகளிடம் வாங்கி, மலைமேல் சோளக்காடு என்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்த என் குடோனில் சலித்துச் சுத்தம் செய்து, கீழே இருக்கும் பெரிய வியாபாரிகளுக்கு அனுப்புவேன். ஒரு பிடி மிளகைக் கையில் எடுத்து முகர்ந்தால் மலையில் எந்தப் பக்கத்துச் சரக்கு என்று சொல்லிவிடுவேன். அதே நான், வாங்குபவர் ஒருவரைப் பார்க்க மலையிறங்கிப் போகும்போது, பேளுக்குறிச்சிச் சந்தையில் கொத்தமல்லி எப்படிப் போகிறது என்று பார்க்க ஐந்து நிமிஷம் இறங்கி, மத்தியானம்வரை அங்கேயே சுற்றியிருக்கிறேன். அவர் காத்திருந்து பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார். எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வை என்றார்கள். எழுதினேன். முதல் நான்கு பக்கம் மட்டும் எழுதிய நோட்டுகள் ஒரு சாக்கு நிறைய இருந்தன.

அதனால்தான் ஆள் வைத்தேன். ராசிபுரத்திலிருந்து மலைக்கு ஓடிய தனியார் பஸ் ஒன்றில் இருபது வருஷம் கண்டக்டராக இருந்தவர். முதுகு வலி வந்து பஸ்ஸை விட்டிருந்தார். அவருக்குப் பெயர் உண்டு, ஆனால் மலையில் யாரும் சொல்ல மாட்டார்கள். கண்டக்டர் என்றால் அவர்தான். எந்த வளைவில் யார் ஏறினார்கள், எந்த ஊரில் யார் இறங்க வேண்டும் என்பதை இருபது வருஷம் தலையில் வைத்திருந்தவருக்கு, நூறு வீட்டு மிளகை நினைவில் வைப்பது ஒரு வேலையே இல்லை. நான் ஒன்றைப் பேச ஆரம்பித்து இன்னொன்றுக்குப் போய்விட்டால், "அக்கா, நீங்க எறங்க வேண்டிய ஸ்டாப்பு போயி ரெண்டு நிமிசமாச்சு" என்பார். வாங்க வந்தவர்கள் முன்னாலும் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்படிப்பட்ட ஒருவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன்? மூட்டை தூக்க வைத்தேன், எடை போட வைத்தேன், லாரியை வரவழைக்க வைத்தேன். விவசாயிகளிடம் நான் மட்டும்தான் பேசுவேன், எது வாங்குவது எது கூடாது என்று நான் மட்டும்தான் சொல்வேன் என்று விதி போட்டேன். இதற்குப் பெயர் வேலையைப் பகிர்ந்து கொடுப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் சுமையில் முதுகை வலிக்க வைக்கும் பாதியை இன்னொருவர் முதுகில் ஏற்றினேன். அவ்வளவுதான் நடந்தது. நீங்களும் அதையே செய்கிறீர்கள். உங்கள் குடோன்களுக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

பிறகு ஏ.ஐ. வந்தது.

நாமக்கல்லில் ஒரு கூட்டத்துக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். மேடையில் ஒருவர் படம் படமாகப் போட்டுக் காட்டி, இனிமேல் உங்கள் தொழிலை இதுவே நடத்தும், நீங்கள் காப்பி குடிக்கலாம் என்றார். எனக்கு அன்றைக்கு அது தெய்வ வாக்காக இருந்தது. ஏனென்றால் எனக்கு ஒரு பெரிய தொல்லை இருந்தது. மலை விவசாயிகள் போனில் எழுத மாட்டார்கள். குரலைப் பதிவு செய்து அனுப்புவார்கள். அவர்கள் பேச்சில் விஷயம் முதலில் வராது. நல்லா இருக்கீங்களா என்று கேட்டு, மழை சொல்லி, மாடு சொல்லி, வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி, கடைசியில்தான் மிளகுக்கு வருவார்கள். எடுத்ததும் சரக்கைப் பேசுவது மரியாதை இல்லை என்பது இங்கே வழக்கம். என் தலையோ பத்து விநாடிக்கு மேல் ஒரு குரலோடு நிற்காது. ஒரு நாளைக்கு முப்பது பதிவு வந்தால் நான் ஐந்து கேட்பேன், அதிலும் பாதி பாதி.

ஆகவே ஏ.ஐ.யிடம் கொடுத்தேன். வருகிற குரல்களை எல்லாம் கேட்டு, ஒவ்வொன்றையும் ஒரே வரியில் எழுதிக் கொடு என்றேன். என் வாயாலேயே இன்னொன்றும் சொன்னேன்: "மழை, மாடு, காய்ச்சல் எதுவும் எனக்கு வேண்டாம். எத்தனை மூட்டை, எந்தக் கிழமை, அது மட்டும் போதும்." அது சொன்னபடி செய்தது. ஒரு மாதம் நான் மிதந்தேன். முப்பது குரல் முப்பது வரியாக வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக யார் எப்போது சரக்குக் கொடுப்பார்கள் என்பது முழுசாக எனக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒரு மாதத்தை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். எங்களைப் போன்றவர்களுக்கு அது காது கேட்காதவருக்குக் கருவி கிடைத்த மாதிரி. வேண்டாம் என்று சொல்பவர்களுக்கு எங்கள் கஷ்டம் தெரியாது.

அந்தப் பருவத்தில், மிளகு காய்கிற நாளில், காலம் தவறி மழை பிடித்தது. மலையில் எல்லாப் பக்கமும் இல்லை. ஒரு பக்கம் மட்டும் மூன்று நாள் விடாமல் பெய்தது. அந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் பொன்னுசாமி இருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர், ஆனாலும் எல்லோரையும் போல என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அந்த ஊரின் முப்பது வீட்டு மிளகும் அவர் சொன்னால்தான் எனக்கு வரும். பன்னிரண்டு வருஷமாக எனக்கு மட்டும்தான் வந்தது. அவருடைய குரலுக்கு ஏ.ஐ. எழுதிய வரி இது: "பொன்னுசாமி. பதினான்கு மூட்டை தயார். வியாழக்கிழமை எடுக்கலாம்."

வியாழக்கிழமை மூட்டைகள் வந்து இறங்கின. வெள்ளிக்கிழமை லாரி கிளம்ப வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு பெரிய வியாபாரி முதல்முறையாக என்னிடம் சரக்குக் கேட்டிருந்தார். நான் குடோன் வாசலில் அவரோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். மூன்று ஊர் மிளகை ஒன்றாகக் கொட்டிச் சலிக்கிற வேலை உள்ளே நடந்தது. கண்டக்டர் வெளியே வந்தார்.

"அக்கா, பொன்னுசாமி அண்ணன் மூட்டையில அஞ்சுல மட்டும் சிவப்புத் துணி கட்டியிருக்குதுங்க. வாசமும் ஒரு மாதிரி இருக்குது. எதுக்கோதான் கட்டியிருக்காரு."

போனைக் கையால் மூடிக்கொண்டு, இன்னொரு கையில் இருந்த தாளில் ஏ.ஐ. எழுதிய வரியைப் பார்த்தேன். "இதுல அப்படி ஒண்ணும் இல்ல. பதினாலு மூட்டை. கொட்டுங்க."

"அவரு பேசுனத ஒருக்கா முழுசாக் கேட்டுருங்க. ஒண்ணே முக்கா நிமிசந்தான். பஸ்ஸு ரெண்டு வளைவு திரும்பற நேரம்."

"யோசிக்கறது என் வேலை, கண்டக்டரே. கொட்டறது உங்க வேலை."

"சரீங்க" என்றார். உள்ளே போனார். கொட்டினார்.

நான் நின்ற இடத்திலிருந்து அந்த மூட்டைகள் பத்தடி தூரம். போய்க் குனிந்திருந்தால் என் மூக்கே சொல்லியிருக்கும். போகவில்லை. கண்டக்டர் பேசியதையும் அடுத்த அரை மணியில் மறந்துவிட்டேன். நடிப்பு இல்லை, நிஜமாகவே மறந்துவிட்டேன். எங்களுக்கு மறதி அப்படித்தான் வரும். துடைத்த பலகை மாதிரி.

பத்து நாளில் லாரி சரக்கோடு திரும்பி வந்தது. மிளகில் புகை நாற்றம் என்று அந்த வியாபாரி முழுச் சரக்கையும் திருப்பிவிட்டார். புகை என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. மழையில் காயாத மிளகைச் சிலர் அடுப்புக்கு மேலே பரணில் போட்டுக் காய வைப்பார்கள். பூசணம் பிடிக்காது, ஆனால் புகை ஏறிவிடும். மூன்று ஊரில் எந்த ஊரில் மழை பெய்தது? பொன்னுசாமி ஊரில். இவ்வளவு கணக்கையும் ஒரு நிமிஷத்தில் என் தலை போட்டது. மழை எனக்கு வேண்டாம் என்று சொன்ன அதே தலை.

அன்றைக்குச் சந்தை நாள். பொன்னுசாமி சோளக்காட்டில்தான் இருப்பார் என்று தெரியும். கண்டக்டரையும் ஏற்றிக்கொண்டு போனேன். பஸ் நிற்கிற இடத்தில், பலாப்பழமும் வாழைத்தாரும் அடுக்கியிருந்த கடைகளுக்கு நடுவே அவர் நின்றுகொண்டிருந்தார். பன்னிரண்டு வருஷமாக அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அன்றைக்கு அது வாயில் வரவில்லை.

"என்ன பொன்னுசாமி, பொகை மிளக உள்ள வெச்சு ஏமாத்திட்டயே. இத்தன வருசப் பழக்கத்துக்கு இதுதானா?"

அவர் முதலில் சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் திரும்பியிருந்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள்கூட நின்றுவிட்டார்கள்.

"ஏனுங்கக்கா, நான் சொன்னனுங்களே" என்றார்.

"எங்க சொன்ன?"

"போன்லீங்க."

"பொய்."

அந்த வார்த்தையை நான் சொன்னேன். அத்தனை பேர் முன்னால் சொன்னேன். அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். கோபப்படவில்லை. கண்ணுக்குத் தூரமாகப் பிடித்து, எனக்கு அனுப்பிய பழைய பதிவைத் தேடினார். அவர் தேடுகிறவரை நான் கத்திக்கொண்டே இருந்தேன். பழக்கடை அம்மா ஒருவர், "கொஞ்சம் சும்மா இருங்க, அவரு தேடறாருல்ல" என்றார். பொன்னுசாமி போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

"அக்கா, வணக்கமுங்க. நல்லா இருக்கீங்களா. இங்க மழைங்க, மூணு நாளா விடல. செவலை மாடு கன்னு போட்டிருக்குது, பொட்டைக் கன்னு. சின்னவளுக்குக் காய்ச்சல், இப்பப் பரவால்லீங்க. மிளகு பதினாலு மூட்டை ஆச்சுங்க, வியாழக்கெழம எடுத்துக்கலாம். மழையில காயப்போட முடியாம அஞ்சு மூட்டைய அடுப்பு மேல பரண்ல போட்டுக் காய வெச்சமுங்க. பொகை வாசம் இருக்கும். அது தனியாத் தெரியோணும்னு சிவப்புத் துணி கட்டியிருக்கறன். நல்ல மிளகோட சேத்தராதீங்க, உங்க பேரு கெட்டுரும். வெச்சர்றனுங்க."

உங்க பேரு கெட்டுரும். என் பெயரைப் பற்றித்தான் அந்த மனிதர் கவலைப்பட்டிருக்கிறார்.

அந்த இடத்தில் நான் செய்த அடுத்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது. கண்டக்டர் பக்கம் திரும்பி, "சிவப்புத் துணி கட்டியிருந்தா எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னனுங்க" என்றார் கண்டக்டர்.

யோசிப்பது யார் வேலை என்று நான் சொன்னதைச் சந்தையில் எல்லோர் முன்னாலும் திருப்பிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நான் வண்டியில் ஏறிப் போய்விட்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை. ஓடினேன் என்றுதான் எழுத வேண்டும்.

அடுத்த நாள் அந்த ஊரிலிருந்து சொல்லி அனுப்பினார்கள், இனி மிளகு கிடையாது என்று. ஒரு ஊர் மூடினால் பக்கத்து ஊரும் மூடும். மலையில் பேச்சு பஸ்ஸுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். முப்பது வீட்டுச் சரக்கு போனால் என் தொழில் நொண்டும், அது உண்மை. ஆனால் எனக்குத் தூக்கம் போனது அதனால் இல்லை. நாற்பது வருஷம் என்னைப் பொறுப்பில்லாதவள் என்று கூப்பிட்டார்களே, விசாரிக்காமல், கேட்காமல். அதையே நான் இன்னொருவருக்குச் செய்திருந்தேன். ஒரு யோக்கியனை ஊர் பார்க்கத் திருடன் ஆக்கியிருந்தேன்.

இந்த இடத்தில் உங்களில் சிலர், ஏ.ஐ.தானே விட்டுவிட்டது என்பீர்கள். என் தம்பியும் அப்படித்தான் ஆறுதல் சொன்னான். அபத்தம். மழை வேண்டாம் என்று நான் சொன்னேன். அது மழையை எடுத்துப் போட்டது. மழையோடு பரணும் புகையும் துணியும் சேர்ந்து போயின. பிற்பாடு அதே நாமக்கல் கூட்டக்காரர் திரும்ப வந்தபோது, "இது எதையெல்லாம் விட்டுட்டுச் சுருக்கித் தருதுங்க?" என்று கேட்டேன். "முக்கியமில்லாததை" என்றார். "யாருக்கு முக்கியமில்லாததை?" என்றேன். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அடுத்த கேள்வி என்றார். நீங்கள் அந்தப் பதிலோடு வீட்டுக்குப் போகாதீர்கள்.

நான்கு நாள் கழித்துப் பொன்னுசாமி ஊருக்குப் போனேன். தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, தப்பு என்னுடையது, மன்னிக்க வேண்டும் என்றேன். பொன்னுசாமி முற்றத்தில் கிடந்த மண்வெட்டியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வந்தார்.

"இங்க யாருங்க என்னயத் திருடன்னு நெனச்சாங்க? இந்த ஊர்ல ஒருத்தரும் நெனைக்கல. சோளக்காட்டுலதான் நெனச்சாங்க. அங்க வந்து சொல்லுங்க."

"சரீங்கண்ணா. எப்ப?"

"சந்தையன்னைக்கு. மொத பஸ்ஸுக்கு வாரேன்."

முதல் பஸ்ஸுக்கு அவர் வரவில்லை. இரண்டாவதிலும் இல்லை. வேண்டுமென்றே செய்தாரா என்று நான் கேட்டதே இல்லை. நிற்பது, காத்திருப்பது, சும்மா இருப்பது, இந்த மூன்றும் எங்களுக்கு நெருப்பில் நிற்கிற மாதிரி. போனை வண்டியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன், கையில் இருந்தால் அதற்குள் போய்விடுவேன் என்று. எதிர்க்கடை வாழைத்தாரில் சீப்பை எண்ணினேன். திரும்ப எண்ணினேன். பழக்கடை அம்மா, "என்னுங்கக்கா, மாப்பிள்ள ஊட்டுக்காரங்க இன்னும் வரலீங்களா?" என்று கேட்டார். கடைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். கண்டக்டர் எனக்குப் பக்கத்தில் நின்றார். அவரை நான் கூப்பிடவில்லை, அவராக வந்திருந்தார்.

நான்காவது பஸ்ஸில் பொன்னுசாமி வந்தார். மனைவியும், ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேரும் கூட இருந்தார்கள். அன்றைக்கு எங்கே நின்றாரோ அங்கேயே வந்து நின்றார்.

நான் குரலைத் தாழ்த்தவில்லை. "பொன்னுசாமி அண்ணா பொகை மிளக மறைக்கல. மொதல்லயே சொல்லி, துணி கட்டித்தான் அனுப்புனாரு. நான் கேக்கல. கண்டக்டரும் சொன்னாரு, அதயும் கேக்கல. கலக்கச் சொன்னது நான். அன்னைக்கு இந்த எடத்துல நான் சொன்னதுதான் பொய்."

சொல்லும்போது "மிஷின்" என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். அதை மட்டும் சொல்லியிருந்தால் மன்னிப்பு செத்துப்போயிருக்கும். நீங்கள் யாரிடமாவது தப்பை ஒப்புக்கொள்ளப் போனால், ஏ.டி.எச்.டி.யையும் ஏ.ஐ.யையும் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். அவை ஏன் நடந்தது என்று உங்களுக்குப் புரிவதற்கு. அடிபட்டவருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

பொன்னுசாமி ஊர்க்காரர்களைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "மிளகு தாரமுங்க. ஆனா இனிமேல் கண்டக்டர்கிட்டத்தான் பேசுவோம். அவரு எடுக்கலாம்னா எடுக்கோணும், வேண்டாம்னா வேண்டாம். நீங்க நடுவுல பூந்து மாத்தக் கூடாது. சம்மதமுங்களா?"

முப்பது வருஷம் நான் கட்டிய தொழிலில் எது நல்ல சரக்கு என்று நான் சொல்லக் கூடாதாம். கண்டக்டரைப் பார்த்தேன். அவர் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சம்மதமுங்கண்ணா" என்றேன்.

அதற்குப் பிறகு ஏ.ஐ.யைத் தூக்கி எறிந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். என் கடிதங்களை அதுதான் எழுதியது. நான் எதைப் பாதியில் விட்டேன் என்று நாளுக்கு மூன்று தடவை அதுதான் கேட்டது. அதற்கு என்மேல் எரிச்சல் வராது, மனிதர்களுக்கு வரும். அந்த ஒரு காரணத்துக்கே அது எனக்குப் பெரிய உதவி. ஆனால் விவசாயிகளின் குரலைச் சுருக்குவதை நிறுத்தினேன். கண்டக்டர் முழுசாகக் கேட்பார். மாடு கன்று போட்டதைக் கேட்டால் அவருக்குச் சந்தோஷம். இருபது வருஷம் பஸ்ஸில் அதைத்தானே கேட்டார். வேறு எதையாவது ஏ.ஐ. சுருக்கினால், தான் எதையெல்லாம் விட்டது என்பதையும் கீழே எழுத வேண்டும் என்றேன். அதையும் அவர்தான் படிப்பார், நான் இல்லை.

அடுத்த பருவம் வந்தது. சரக்கைத் திருப்பிய அந்தப் பெரிய வியாபாரியை ஒரு வருஷம் கெஞ்சி, இன்னொரு தடவை வாங்க வைத்திருந்தேன். ஒரு லாரி. குறித்த நாளில் போக வேண்டும், இல்லையென்றால் இனிமேல் பேச வேண்டாம் என்று சொல்லியிருந்தார். லாரி குடோன் முன்னால் நின்றது. பாதி ஏற்றியாகிவிட்டது. பொன்னுசாமி தன் சரக்கோடு அவரே வந்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். கண்டக்டர் அவருடைய மூட்டை ஒன்றைப் பிரித்து, கையை உள்ளே விட்டு அள்ளி முகர்ந்தார். இன்னொரு மூட்டை. அப்புறம் இன்னொன்று.

"எறக்குங்க. இதுல பூசண வாசம் வருது. ரெண்டு நாள் வெயில்ல போட்டுத்தான் ஏத்தோணும்."

"என்னுங்க கண்டக்டரே, நல்லாக் காஞ்ச மிளகுங்க" என்றார் பொன்னுசாமி.

"காஞ்சிருக்குது. வாசம் வருதே."

பொன்னுசாமி ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். எனக்கும் நீட்டினார். நான் முகர்ந்தேன். எனக்கு மிளகு வாசம்தான் அடித்தது. திரும்ப முகர்ந்தேன். அதேதான். என் மூக்கு முப்பது வருஷ மூக்கு. லாரிக்காரர் கடிகாரத்தைக் காட்டினார்.

"அக்கா, நீங்க சொல்லுங்க" என்றார் பொன்னுசாமி.

ஏற்றுங்கள் என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் லாரி கிளம்பிவிடும். கண்டக்டர் தப்பாகச் சொல்கிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. இங்கேதான் நீங்கள் எல்லோரும் வழுக்குவீர்கள். அடுத்தவர் சரியாகச் சொல்கிறபோது அவர் பேச்சைக் கேட்பது ஒரு காரியமா? தப்பு என்று நமக்குத் தோன்றும்போதும் அவர் "வேண்டாம்" செல்லுமென்றால்தான் அந்த அதிகாரத்தை நாம் கொடுத்திருக்கிறோம் என்று அர்த்தம். இல்லையென்றால் அவர் இன்னும் மூட்டைதான் தூக்கிக்கொண்டிருக்கிறார்.

"கண்டக்டரக் கேளுங்க" என்றேன்.

"ஒரு நாள் போதாதுங்களா?" என்று பொன்னுசாமி அவரிடம் கேட்டார்.

"ரெண்டு."

நான் உள்ளே போய் அந்த வியாபாரிக்குப் போன் செய்து, சரக்கு இரண்டு நாள் தாமதம் என்றேன். அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. பேசி முடித்து வெளியே வந்தபோது பொன்னுசாமி லாரிக்குப் பக்கத்தில் எனக்காக நின்றுகொண்டிருந்தார்.

"உங்களுக்கு வாசம் அடிச்சுதுங்களா, அக்கா?"

"இல்லீங்கண்ணா."

"எனக்கும் அடிக்கல. அப்புறம் ஏன் வாயே தொறக்காம போனீங்க?"

"நீங்கதான நடுவுல பூந்து மாத்தக் கூடாதுன்னு சந்தையில நிக்க வெச்சுச் சொன்னீங்க."

அவர் என்னைப் பார்த்தார். இன்னும் மேலே ஏறாமல் கிடந்த மூட்டைகளைப் பார்த்தார்.

"அது உங்களுக்குச் சொன்னதுங்க. எனக்குன்னா சொன்னேன்?" என்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, லாரியில் ஏறி, தன் முதல் மூட்டையைத் தானே இழுத்து இறக்கினார்.

"கண்டக்டரே, தார்ப்பாய எங்க விரிக்கோணும்?"